புகையும் தீயும் வடிவம் கொடுத்த நீதிமன்றம்: அலெகெனி கவுன்டியின் மூன்று கட்டடங்கள்

அமெரிக்காவில் ஒரு தேர்தல் வழக்கோ கொலை வழக்கோ செய்தியில் அடிபட்டால், 'கவுன்டி நீதிமன்றம்' என்ற பெயரும் கூடவே வருகிறது. அதோடு வரும் படத்தில் பல நேரங்களில் ஒரு பழைய கல் கட்டடம் நிற்கும். உயர்ந்த கோபுரம், கனத்த வளைவுகள், கோட்டை மதிலை ஒத்த சுவர். வழக்கு விசாரிக்கும் இடத்துக்கு இத்தனை கல் எதற்கு? அரசின் அதிகாரத்தைக் காட்டத்தான் என்று பலரும் பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதிப் பதில்தான்.

மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளப் பென்சில்வேனியா மாநிலத்தின் அலெகெனி கவுன்டியைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது. அதன் தலைமையிடம் பிட்ஸ்பர்க் நகரம். தமிழர் பலருக்கு அந்த ஊரைப் பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயில் வழியாகத் தெரிந்திருக்கும். அந்தக் கோயிலும் இதே கவுன்டியில்தான் இருக்கிறது. இந்தக் கவுன்டி தோன்றியதிலிருந்து அடுத்தடுத்து மூன்று நீதிமன்றக் கட்டடங்களைக் கட்டியது. மூன்றாவது 1888-ல் முடிந்தது. இன்றும் அங்கே வழக்கு நடக்கிறது. பார்வைக்கு அலங்காரமாகத் தெரியும் அதன் உறுப்புகளில் பெரும்பாலானவை நகரத்தின் புகைக்கும், முந்தைய கட்டடத்தை அழித்த தீக்கும், கைதிகளை அழைத்துவரும் சிக்கலுக்கும் கண்டுபிடித்த தீர்வுகள்.

## கவுன்டி என்பது என்ன, அதற்கு ஏன் பெரிய கட்டடம்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுன்டி. நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகள் உள்ளன. பென்சில்வேனியாவில் மட்டும் 67. நம் மாவட்டத்தோடு ஒப்பிடலாம், ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. மாவட்ட ஆட்சியரை அரசு நியமிக்கிறது. கவுன்டியை நடத்துபவர்களை அங்குள்ள மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பென்சில்வேனியாவில் கவுன்டி நீதிபதிகளும் 10 ஆண்டுப் பதவிக்காலத்துக்குத் தேர்தலில் நின்று வருபவர்கள்தான்.

கவுன்டியின் தலைமையிடமாக எந்த ஊர் அறிவிக்கப்படுகிறதோ அங்கே நீதிமன்றம் எழும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அந்தக் கட்டடம் விசாரணைக்கு மட்டும் கட்டப்பட்டதல்ல. ஒரே கூரையின்கீழ், அல்லது ஒரே வளாகத்தில், நான்கு வேலைகள் நடந்தாக வேண்டும்:

1. விசாரணை. 'காமன் பிளீஸ்' நீதிமன்றம் என்பது பென்சில்வேனியாவின் முதல்நிலை விசாரணை மன்றம். குற்றவியல், உரிமையியல், குடும்பம், வாரிசுரிமை என எல்லாமே இங்குதான் தொடங்கும்.

2. ஆவணக் காப்பு. நிலப் பத்திரம், உயில், திருமண உரிமம், வழக்குத் தீர்ப்பு எல்லாம் கவுன்டியின் பொறுப்பு. நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலகம் செய்யும் வேலையும் இதற்குள் அடங்கும். ஆகவே கட்டடம் எரிந்தால் ஊராரின் சொத்துரிமைக்கான சான்றே எரியும்.

3. நிர்வாகம். கவுன்டி ஆணையர்கள், ஷெரிஃப், கருவூலர் ஆகியோரின் அலுவலகங்கள்.

4. சிறை. விசாரணைக்காகக் காத்திருப்பவர்களும் குறுகிய தண்டனை பெற்றவர்களும் அடைக்கப்படும் இடம். அது நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கைதியைத் தினமும் அழைத்துவர முடியும்.

நான்குக்கும் தேவையான இடம் வேறு, பாதுகாப்பு வேறு, உள்ளே வரும் கூட்டமும் வேறு. கவுன்டி நீதிமன்றக் கட்டடக்கலையின் சிக்கலே இந்த நான்கையும் ஒன்றோடொன்று முட்டாமல் வைப்பதுதான்.

## முதல் கட்டடம்: சந்தைக்கு நடுவே

அலெகெனி கவுன்டி 1788 செப்டம்பர் 24 அன்று, வெஸ்ட்மோர்லண்ட், வாஷிங்டன் ஆகிய இரு கவுன்டிகளிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. பிட்ஸ்பர்க் அப்போது மூன்று ஆறுகள் கூடும் முனையில் இருந்த சிற்றூர். 1784-ல் வகுக்கப்பட்ட தெருத் திட்டத்தில் நடுவில் ஒரு சதுக்கம் விடப்பட்டிருந்தது. ஊரார் அதை 'டயமண்ட்' என்றார்கள். இன்றைய மார்க்கெட் சதுக்கம் அதுதான். முதல் நீதிமன்றம் அங்கே 1790-களில் எழுந்தது. அது செங்கல்லால் ஆன, அடக்கமான இரண்டடுக்குக் கட்டடம்.

சந்தையும் கோர்ட்டும் அடுத்தடுத்து நின்றதில் அன்றைக்கு யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை. வழக்குக்கு வருபவனும் காய்கறி விற்க வருபவனும் ஒரே ஆள்தான். ஆனால் ஊர் வளர்ந்தது. நிலக்கரி, இரும்பு, கண்ணாடித் தொழில்கள் பெருகின, பத்திரங்களும் வழக்குகளும் குவிந்தன. சந்தைக்கு நடுவிலிருந்த கட்டடத்தை அகலப்படுத்த இடமில்லை. 1834-ல் கவுன்டி வேறு நிலம் வாங்கியது.

## இரண்டாவது கட்டடம்: குன்றின்மேல் கிரேக்கத் தூண்கள்

புதிய நிலம் கிரான்ட் குன்றின்மேல் இருந்தது. 1758-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்த முனையைப் பிடிக்க வந்து இங்கே தோற்ற மேஜர் ஜேம்ஸ் கிரான்டின் பெயரைத் தாங்கிய குன்று அது. ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் மேடு.

1836-ல் வேலை தொடங்கி 1841-ல் முடிந்தது. வடிவமைத்தவர் இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஜான் சிஸ்லெட். பிட்ஸ்பர்க்கின் அலெகெனி கல்லறைத் தோட்டத்தை வகுத்தவரும் அவரே. அக்காலத்தில் அமெரிக்கா முழுவதும் பரவியிருந்த கிரேக்க மறுமலர்ச்சிப் பாணியில் அவர் கட்டினார். முகப்பில் தூண் வரிசை, மேலே குவிமாடம், அதன் கீழே 60 அடி விட்டமுள்ள வட்டக் கூடம். மக்களாட்சி ஏதென்ஸில் பிறந்தது, ஆகவே குடியரசின் பொதுக் கட்டடம் கிரேக்கக் கோயிலின் சாயலில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. வங்கி, பள்ளி, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் தூண்கள் முளைத்த காலம்.

1845 ஏப்ரல் 10 அன்று பிட்ஸ்பர்க் நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு தீக்கிரையானது. குன்றின்மேல் இருந்த நீதிமன்றம் தப்பியது. அதை மெல்ல மெல்லக் கொன்றுகொண்டிருந்தது வேறொன்று.

## மணற்கல்லைப் புகை தின்ற விதம்

சிஸ்லெட் பயன்படுத்தியது, ஆற்றுக்கு அப்பால் இருந்த கோல் ஹில் என்ற மலையிலிருந்து வெட்டிய சாம்பல்நிற மணற்கல். இன்று அந்த மலைக்கு மவுண்ட் வாஷிங்டன் என்று பெயர். அதே மலையில்தான் பிட்ஸ்பர்க் எரித்த நிலக்கரியும் கிடைத்தது. கட்டடத்தைத் தந்த மலையே அதை அரிக்கும் புகையையும் தந்தது. நடந்தது இதுதான்:

1. பிட்ஸ்பர்க் எரித்தது கந்தகம் கலந்த மென்கரி. வீட்டு அடுப்பு, தொழிற்சாலை உலை, நீராவிப் படகு எல்லாம் அதையே எரித்தன. கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு வாயு வரும்.

2. அந்த வாயு காற்றின் ஈரத்தோடும் மழையோடும் சேர்ந்து அமிலமாகிறது.

3. மணற்கல் என்பது மணல் துகள்களை ஏதோ ஒரு பிணைப்புப் பொருள் இறுக்கிப் பிடித்திருக்கும் கல். துகள் குவார்ட்ஸ் ஆகையால் அமிலத்துக்கு அசையாது, பிணைப்பு அப்படியல்ல. அதில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் அமிலம் அதை ஜிப்சமாக மாற்றிவிடும். ஜிப்சம் அதிக இடம் பிடிப்பது, தண்ணீரில் கரையக்கூடியது. கல்லின் மேல்தோல் உப்பி, உரிந்து விழும்.

4. கரித்தூள் கல்லின்மேல் படிந்து ஈரத்தைப் பிடித்துவைப்பதால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

உளியால் பொளிந்து வழவழப்பாக்கிய கல்லில்தான் இந்தச் சேதம் கண்ணை உறுத்தும். கிரேக்கப் பாணியின் அழகே கூர்மையான விளிம்பிலும் மெல்லிய வரிக்கோட்டிலும் இருக்கிறது. விளிம்பு உதிர்ந்தால் பாணியே போய்விடும். பிட்ஸ்பர்க் நீதிமன்றத்தின் கல்முகங்கள் பெயர்ந்தன, மேல்விளிம்பின் பகுதிகள் உடைந்து விழுந்தன. ஏதென்ஸின் வெயிலில் பிறந்த வடிவத்தைக் கரிப்புகை நகரத்தில் நட்டதன் விளைவு இது. சிஸ்லெட்டின் திறமையில் குறை இல்லை. வடிவமும் காற்றும் பொருந்தவில்லை.

1882 மே 7 அன்று அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தது. எஞ்சியதைச் செப்பனிட முடியாத அளவுக்குச் சேதம். இடித்துவிட்டு, அதே குன்றில் புதிதாகக் கட்ட ஆணையர்கள் முடிவெடுத்தார்கள்.

## ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன்

ஐந்து கட்டடக் கலைஞர்கள் வரைபடம் தர அழைக்கப்பட்டனர். 1884-ல் வேலை ரிச்சர்ட்சனுக்குக் கிடைத்தது.

1838-ல் லூசியானாவில் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர், பிறகு பாரிஸின் எக்கோல் தே போ-ஆர் கலைக்கல்லூரியில் பயின்ற முதல் சில அமெரிக்கர்களில் ஒருவர். பாஸ்டனின் டிரினிட்டி தேவாலயம் 1877-ல் முடிந்ததும் நாடறிந்தவரானார். ஐரோப்பாவின் 11, 12-ஆம் நூற்றாண்டு ரோமனெஸ்க் கட்டடங்களிலிருந்து அரைவட்ட வளைவையும் தடித்த சுவரையும் எடுத்துக்கொண்டு, அவர் தமக்கென ஒரு மொழியை உருவாக்கியிருந்தார். 'ரிச்சர்ட்சன் ரோமனெஸ்க்' என்று பின்னால் அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட பாணி அது.

கட்டுமானத்தை மாசசூசெட்ஸின் நார்கிராஸ் சகோதரர்கள் நிறுவனம் ஏற்றது. டிரினிட்டி தேவாலயத்தைக் கட்டியவர்களும் அவர்களே. சிறை 1886-ல் முடிந்தது, நீதிமன்றம் 1888-ல். மொத்தச் செலவு சுமார் 22 லட்சம் டாலர். கவுன்டியின் நூற்றாண்டு நாளான 1888 செப்டம்பர் 24-ல் அர்ப்பணிப்பு விழா. ரிச்சர்ட்சன் அதைப் பார்க்கவில்லை. 1886 ஏப்ரலில், 47 வயதில், சிறுநீரக நோயால் இறந்துபோனார். மிச்ச வேலையை அவர் அலுவலகத்திலிருந்து வந்த ஷெப்லி, ருட்டன், கூலிட்ஜ் ஆகிய மூவர் அவருடைய வரைபடப்படி முடித்தார்கள். தம்மை எந்தக் கட்டடங்களைக் கொண்டு உலகம் மதிப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு அவர் காட்டிய இரண்டு: சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு மொத்த விற்பனைக் கிடங்கு, பிட்ஸ்பர்க்கின் இந்த நீதிமன்றம். கிடங்கு 1930-ல் இடிக்கப்பட்டுவிட்டது.

## மூன்றாவது கட்டடத்தை உறுப்பு உறுப்பாகப் படித்தால்

1. கரட்டுக் கல். மணற்கல்லின் கதை முடிந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ரிச்சர்ட்சன் மாசசூசெட்ஸின் மில்ஃபோர்டிலிருந்து இளஞ்சிவப்புக் கிரானைட்டைக் கொண்டுவரச் செய்தார். கிரானைட்டில் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகியிருக்கும். அமிலம் கரைக்கும் சுண்ணாம்புப் பிணைப்பு அதில் இல்லை. அந்தக் கல்லின் முகத்தையும் வழவழப்பாக்காமல் குவாரியில் உடைத்த கரட்டு நிலையிலேயே விட்டார். கரட்டு முகத்தில் கரி படிந்தாலும் கட்டடத்தின் வடிவம் சிதையாது, ஏனென்றால் அதன் அழகு மெல்லிய கோட்டை நம்பியிருக்கவில்லை. மேடு பள்ளமும் நிழலும் பெரிய உருவமும்தான் அதைச் சுமக்கின்றன. பின்வந்த பல பத்தாண்டுகளில் கட்டடம் கறுத்தது. கறுத்த பிறகும் கம்பீரம் குறையவில்லை என்பதைப் பழைய படங்களே காட்டுகின்றன. நகரத்தின் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1941-ல்தான் வந்தது, போரினால் தள்ளிப்போய் 1946-ல்தான் செயலுக்கு வந்தது. அதுவரை சுமார் 60 ஆண்டு இந்தக் கல் புகையில் நின்றது.

2. நடு முற்றம். நான்கு பக்கமும் கட்டடம், நடுவே வானம் பார்த்த முற்றம். மின்விளக்கு இன்னும் குழந்தைப் பருவத்தில் இருந்த காலம் அது. நீதிபதிக்கும் ஜூரிக்கும் எழுத்தருக்கும் பகல் வெளிச்சம் வேண்டும். கட்டடத்தை ஒரே பெரிய திணிந்த உருவமாகக் கட்டியிருந்தால் நடு அறைகள் இருண்டிருக்கும். வளையமாக்கியதால் தெருப் பக்கமோ முற்றப் பக்கமோ ஒவ்வோர் அறைக்கும் சன்னல் கிடைத்தது. வெளியே கோட்டைபோல் மூடிக்கொண்டு நிற்கும் கட்டடம் உள்ளே முற்றத்தை நோக்கி வரிசை வரிசையாக வளைவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. என் கணிப்பில் இந்த முற்றச் சுவர்கள் தெரு முகப்பைவிடச் சிறந்தவை. ஒரே வளைவை அளவு மாற்றி மாற்றி அடுக்கியே நான்கு மாடியையும் பேசவைத்திருக்கிறார்.

3. மூச்சுவிடும் கோபுரம். கிரான்ட் தெருப் பக்கக் கோபுரத்தின் உயரம் சுமார் 250 அடி. இதைப் பார்க்கும் எவரும் பெருமைக்காகக் கட்டியது என்றே நினைப்பார்கள். இதற்கு ஒரு வேலை இருந்தது. தெருமட்டக் காற்று கரித்தூளும் தூசியுமாக இருந்ததால், ஓரளவு தூய காற்றை உயரத்தில் பிடித்து இந்தக் கோபுரம் வழியாகக் கீழே இழுத்து, அறைகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டை ரிச்சர்ட்சன் செய்தார். கெட்ட காற்று முற்றத்தின் பின்பக்கம் உள்ள இரண்டு சிறிய கோபுரங்கள் வழியாக வெளியேறும். முன்கோபுரம் உள்ளிழுக்கும் மூக்கு, பின்கோபுரங்கள் வெளிவிடும் மூக்கு. புகை நகரத்தில் சன்னலைத் திறக்காமல் நூற்றுக்கணக்கானோர் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நெருக்கடியே கோபுரங்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் முடிவு செய்தது.

4. பெரிய படிக்கட்டு. நுழைவாயிலிலிருந்து நீதிமன்ற அறைகளுக்கு ஏறும் கல் படிக்கட்டு, ஒன்றின்பின் ஒன்றாகத் தெரியும் அரைவட்ட வளைவுகளுக்கு இடையே போகிறது. இங்கே அலங்காரம் மிகக் குறைவு. வளைவின் தடிமனும் வெளிச்சம் விழும் கோணமும்தான் எல்லாம். எரிந்த கட்டடத்துக்குப் பதிலாக வந்த கட்டடம் இது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், சுவர், வளைவு, படி என்று தொட்ட இடமெல்லாம் கல்லாக இருப்பதன் காரணம் புரியும்.

5. நீதிமன்ற அறைகள். காலப்போக்கில் இவை தடுப்பு, தாழ்ந்த கூரை, குழல்விளக்கு என மாறிப்போயின. 321-ஆம் எண் அறை மட்டும் 1980-களில் ரிச்சர்ட்சன் காலத்துத் தோற்றத்துக்கு மீட்கப்பட்டது. மூல வடிவமைப்பை இன்று பார்க்க விரும்புபவர்கள் போக வேண்டிய அறை அது.

## சிறையும் பாலமும்

ராஸ் தெருவின் மறுபக்கம் சிறை. நடுவில் எண்கோணக் காவல் கூடம், அதிலிருந்து கைகள்போல் நீளும் அறை வரிசைகள். நடுவில் நிற்கும் காவலர் எல்லாக் கைகளையும் பார்க்கலாம். இந்த அமைப்புக்குப் பென்சில்வேனியாவிலேயே முன்மாதிரி இருந்தது: 1829-ல் பிலடெல்பியாவில் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை.

சிறையைச் சுற்றிய மதில்தான் பல கட்டடக்கலை ஆர்வலர்கள் முதலில் தேடிப் போகும் இடம். சன்னல் இல்லை, சிற்பம் இல்லை. மிகப் பெரிய கிரானைட் பாளங்கள் அடுக்கப்பட்ட சுவரும், அதில் தாழ்ந்து அகன்ற ஒரு வளைவு வாயிலும் மட்டுமே. அந்த வளைவைத் தாங்கும் ஆப்புக் கற்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆளைச் சிறிதாக்கும் அளவுள்ளவை. 'இங்கிருந்து தப்ப முடியாது' என்பதைச் சொற்களே இல்லாமல் சொல்லும் சுவர்.

ஆனால் தப்பினார்கள். 1902 ஜனவரியில், மரண தண்டனைக்குக் காத்திருந்த பிடில் சகோதரர்கள் இருவர், சிறைத் தலைவரின் மனைவி கேட் சோஃபெல் உள்ளே கொண்டுவந்து கொடுத்த ரம்பமும் துப்பாக்கியும் கொண்டு வெளியேறினார்கள். சகோதரர்கள் இருவரும் துரத்தலில் சுடப்பட்டு இறந்தனர், சோஃபெல் சிறைக்குப் போனார். கல்லின் தடிமன் பாதுகாப்பின் ஒரு பகுதி மட்டுமே என்பதை நாடு முழுவதும் பேசவைத்த நிகழ்ச்சி அது. 1904-க்குப் பிறகு ஃபிரெடரிக் ஆஸ்டர்லிங் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் சிறையை விரிவாக்கியபோது, பழைய கல்லையும் பாணியையும் அப்படியே தொடர்ந்தார். எது ரிச்சர்ட்சனுடையது, எது ஆஸ்டர்லிங்கினுடையது என்று பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாது.

சிறையையும் நீதிமன்றத்தையும் தெருவுக்கு மேலே இணைப்பது மூடிய கல் பாலம். வெனிஸில் அரண்மனையையும் சிறையையும் இணைக்கும் 'பெருமூச்சுப் பாலம்' இதற்கு மாதிரி, பெயரும் அதுவே. பார்ப்பவருக்கு இது கவிதை; பயன்பாட்டில் கறாரான பாதுகாப்பு ஏற்பாடு. கைதியைத் தெருவில் இறக்காமல், கூட்டத்தின் நடுவே நடத்தாமல், சாட்சிகள் நிற்கும் நடைபாதையில் கொண்டுவராமல் நேராக விசாரணை அறைக்குச் சேர்க்கலாம். தொடக்கத்தில் சொன்ன நான்கு வேலைகளில் முதலாவதான விசாரணையையும் கடைசியான சிறையையும் முட்டாமல் இணைத்தது இந்தப் பாலம்தான்.

## தரை இறங்கியது, வாசல் மேலேயே நின்றது

இந்தக் கட்டடத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய சேதம் புகையாலோ தீயாலோ வந்ததல்ல. சாலைப் பணியால் வந்தது.

கிரான்ட் குன்று நகர மையத்தின் விரிவாக்கத்துக்குத் தடையாக இருந்தது. குதிரை வண்டிக்கும் டிராமுக்கும் அந்த ஏற்றம் கடினம். முன்பே சில முறை வெட்டித் தாழ்த்தியிருந்த குன்றை 1912–13-ல் நகரம் கடைசியாக ஒருமுறை வெட்டியது. தெரு அதிகபட்சமாகச் சுமார் 16 அடி இறங்கியது. பக்கத்துக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் அதுவரை மண்ணுக்குள் இருந்த அடித்தளம் தெருமட்டத்துக்கு வெளியே வந்தது. எதிரே இருக்கும் ஃபிரிக் கட்டடத்துக்கும் அதே கதி.

நீதிமன்றத்தில் நடந்தது இது:

1. ரிச்சர்ட்சன் வரைந்த வாயில் அந்தரத்தில் நின்றது.

2. அதை எட்ட வெளியே படிக்கட்டு வைத்தார்கள். 1920-களில் கிரான்ட் தெருவை அகலப்படுத்தியபோது அதையும் எடுத்துவிட்டார்கள்.

3. அடித்தளத்தையே நுழைவாயிலாக்கினார்கள். இன்று உள்ளே போகும் எவரும் பொருள் வைக்கவும் இயந்திரம் வைக்கவும் கட்டிய தாழ்ந்த பகுதி வழியாகத்தான் போகிறார்கள்.

இதன் விளைவு படம் பார்ப்பவருக்குத் தெரியாது, நடந்து போகிறவருக்குத் தெரியும். தெருவிலிருந்து வளைவுக்குள், வளைவிலிருந்து கூடத்துக்குள், கூடத்திலிருந்து பெரிய படிக்கட்டுக்கு என ஒரு வரிசையாக ரிச்சர்ட்சன் அமைத்திருந்தார். அந்த வரிசையின் முதல் வரி அறுந்துவிட்டது. முகப்பின் அடிப்பகுதியும் அவர் வரைந்த அளவைவிட உயரமாகிவிட்டது, கோபுரமும் வளைவும் தரையில் ஊன்றி நிற்பதற்குப் பதிலாகத் தூக்கி வைத்ததுபோல் தெரிகின்றன. முகப்புச் சரியில்லை என்று ரிச்சர்ட்சனைக் குறை சொல்பவர்கள் முதலில் அந்த 16 அடியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

## நாடெங்கும் பரவிய சாயல்

முடிந்த சில ஆண்டுகளிலேயே இதைப் பார்த்துப் பலர் கட்டினார்கள். மினியாபொலிஸில் நகர மன்றமும் ஹென்னபின் கவுன்டி நீதிமன்றமும் சேர்ந்த கட்டடம், கனடாவில் 1899-ல் திறந்த டொராண்டோவின் பழைய நகர மன்றம், டெக்சாஸில் ஜேம்ஸ் ரைலி கார்டன் கட்டிய பெக்சார், எல்லிஸ் கவுன்டி நீதிமன்றங்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவை. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியும் 1891-ல் செங்கற்சிவப்பு மணற்கல்லில் ஒன்று கட்டியது. அது 1933 நிலநடுக்கத்தில் சேதமடைந்து 1936-ல் இடிக்கப்பட்டது.

இவற்றில் எல்லிஸ் கவுன்டியின் கட்டடம் தனக்கென ஓர் அழகு கொண்டது. பல நிறக் கல்லை அடுக்கிய விதத்தில் அது பிட்ஸ்பர்க்கைவிட விழாக்கோலமானது. ஆனால் பொதுவாக நகல்கள் கோபுரத்தையும் வளைவையும் எடுத்துக்கொண்டன, அவை பிறந்த காரணங்களை விட்டுவிட்டன. புகையே இல்லாத சமவெளி ஊரில் கரட்டுக் கல்லும் கோட்டைக் கோபுரமும் எழுந்தது இப்படித்தான். 'நீதிமன்றம் என்றால் கோட்டை' என்ற பிம்பம் அமெரிக்க மனத்தில் பதிந்ததற்கு இந்த நகல்களே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

## ஒரே கூரையிலிருந்து நான்கு கூரைகளுக்கு

2020 கணக்கெடுப்பில் அலெகெனி கவுன்டியின் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். 130 நகராட்சிகளும் ஊராட்சிகளும் இதற்குள் அடங்கும். 1888-ன் கட்டடம் இத்தனை வேலையையும் தாங்காது. பக்கத்தில் 1917-ல் நகர, கவுன்டி அலுவலகங்கள் சேர்ந்த கட்டடம் வந்தது. ஹென்றி ஹார்ன்பாஸ்டல் அதன் வடிவமைப்பில் முக்கியமானவர். 1931-ல் கவுன்டி அலுவலகக் கட்டடம் முடிந்தது. அதற்கு இடம் விடுவதற்காக, ஆஸ்டர்லிங் ரிச்சர்ட்சன் பாணியில் கட்டியிருந்த கல் பிணவறையை 1929-ல் அப்படியே நகர்த்தி வேறிடத்தில் வைத்தார்கள். நீதிமன்றத்தின் பக்கத்தில் நிற்பதற்காகவே அதே சாயலில் கட்டிய ஒன்றை இடிக்க மனம் வரவில்லை.

சிறை 1995-ல் மூடப்பட்டது. கைதிகள் இரண்டாவது அவென்யூவில் கட்டிய புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். பெருமூச்சுப் பாலத்தின் வேலை அன்றோடு முடிந்தது. காலியான சிறையை இடிக்காமல், 2000-ல் குடும்ப நீதிமன்றமாக மாற்றினார்கள். அறை வரிசை ஒன்றின் பகுதி அருங்காட்சியகமாக விடப்பட்டது. கட்டடத்தைக் காப்பாற்றிய முடிவு என்ற வகையில் இது பாராட்டுக்குரியது. ஆனால் மணவிலக்குக்கும் குழந்தையின் பொறுப்புக்கும் வருகிறவர்கள் அச்சுறுத்துவதற்காகவே கட்டிய மதிலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது என்ற முறையீட்டையும் தள்ளிவிட முடியாது.

இன்று காமன் பிளீஸ் நீதிமன்றத்தின் பிரிவுகள் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன:

1. குற்றவியல்: ரிச்சர்ட்சனின் நீதிமன்றம்.

2. உரிமையியல்: நகர-கவுன்டிக் கட்டடம். மாநில உச்ச நீதிமன்றத்தின் பிட்ஸ்பர்க் அமர்வு அறையும் இங்கேயே.

3. குடும்பம்: பழைய சிறை.

4. உயில், வாரிசுச் சொத்து, காப்பாளர் நியமனம் ஆகியவற்றைப் பார்க்கும் 'ஆர்ஃபன்ஸ் கோர்ட்': எதிரே இருக்கும் ஃபிரிக் கட்டடத்தின் 17-ஆம் தளம்.

ஆவணங்களின் கதையும் மாறிவிட்டது. வழக்கு ஆவணங்களையும் உயில்களையும் கவனித்த தனித்தனி அதிகாரிகளைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் முறை 2005-ல் நடந்த மக்கள் வாக்கெடுப்பால் முடிவுக்கு வந்தது. 2008 முதல் அந்த வேலைகள் ஒரே துறையின்கீழ் நடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கல் கூரையின்கீழ் வைத்தாக வேண்டும் என்ற 1884-ன் கட்டாயம் இப்போது இல்லை. கட்டடத்தின் பாரம் குறைந்திருக்கிறது, அதனால் மீட்புக்கு இடமும் கிடைத்திருக்கிறது.

1976-ல் நீதிமன்றமும் சிறையும் சேர்த்துத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. இடிபடும் ஆபத்து பெருமளவு நீங்கியது. ஆனால் அந்தத் தகுதி தெருமட்டத்தை மாற்றாது. அறைகளை ஒவ்வொன்றாக மீட்பது நல்ல வேலைதான். நீதிமன்றத்தை முழுமையாக மீட்க வேண்டுமானால் வாசலில்தான் தொடங்க வேண்டும். பழைய வாயிலை எட்ட மறுபடி படிக்கட்டு வைத்தால் அது கிரான்ட் தெருவின் நடைபாதைக்குள் நீளும், சாலையின் ஒரு பகுதியையும் கேட்கும். அந்த அகலத்தை விட்டுக்கொடுப்பதா என்பதைக் கவுன்டி மட்டும் முடிவு செய்ய முடியாது. தெரு நகரத்துக்குச் சொந்தம்.